காற்றில் நெரிசல்! லேபர் கேம்ப்பில் வைஃபை தகராறு தீர்ந்த கதை

"மேல்வீட்டுக்காரன் எங்கள் லைனைத் திருடுகிறான்!"

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் சென்ற மாதம் என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை இது. தண்ணீர் லைன் அல்ல. கரண்ட் லைனும் அல்ல. வைஃபை!

அண்ணாச்சி தாராவியில் ஒரு தோல் கடையில் கணக்கு எழுதுகிறவர். மகன் பி.காம். முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறான். இந்தக் காலத்தில் அந்தத் தேர்வு கம்ப்யூட்டரில்தான். 100 கேள்வி, 90 நிமிடம். கை பழக வேண்டும் என்றால் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க வேண்டும். பையன் பகலில் ஒரு கடையில் வேலை பார்ப்பதால் இரவு 9 மணிக்குத்தான் உட்கார முடியும். உட்கார்ந்தால் நாற்பதாவது கேள்வியில் திரை நின்றுவிடும். சக்கரம் சுற்றும். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சி கம்பெனிக்குப் போன் செய்தார். "பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்றார்கள். மாதம் 200 ரூபாய் கூடக் கட்டி மாறினார். அப்போதும் 9 மணிக்கு அதே சக்கரம். பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினார். பலன் இல்லை. பிறகுதான் சந்தேகம் மேல்வீட்டின் மீது திரும்பியது. அங்கே இருப்பவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் வீட்டில் மூன்று பையன்கள். எந்நேரமும் கையில் மொபைல். ஒருநாள் காலை குழாயடியில் வார்த்தை தடித்துவிட்டது. நல்லவேளை, தண்ணீர் வரும் நேரம் என்பதால் சண்டை போட யாருக்கும் அவகாசம் இல்லை.

"நீங்கள் பேப்பரில் எழுதுகிறவர். போலீசில் மனு கொடுக்கலாமா, சொல்லுங்கள்" என்று கேட்டார் அண்ணாச்சி.

நான் ரயில்வே குமாஸ்தா. படிப்பு பத்தாவதோடு சரி. ஓய்ந்த நேரத்தில் செய்தி எழுதி அனுப்புகிறேன். எனக்கு வைஃபை பற்றி என்ன தெரியும்? தெரிந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். சயான் பக்கம் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் கடையில் இருக்கிறார். ஊர் தூத்துக்குடி. அன்று இரவு அவர் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மவர்கள் குடியிருக்கும் சால்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் இந்தத் தொல்லை இல்லாத இடம் இல்லை.

முதலில் கம்பி

தம்பி முதலில் வைஃபையைத் தொடவே இல்லை. ஒரு கேபிளை எடுத்து, கம்பெனிக்காரர் வைத்த பெட்டியின் பின்னால் ஒரு முனையையும் பையனின் லேப்டாப்பில் மறு முனையையும் செருகினார். வேகத்தை அளந்தார். அண்ணாச்சி கட்டும் பணத்துக்கு உண்டான வேகம் முழுசாக வந்தது.

"தெருவிலிருந்து பெட்டி வரைக்கும் கோளாறு இல்லை அண்ணாச்சி. பெட்டியிலிருந்து லேப்டாப் வரைக்கும் உள்ள பத்தடியில்தான் கோளாறு."

பத்தடிக்கு மாதம் 200 ரூபாய் வீண்!

அப்படியானால் கேபிளையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அதுதான் நல்லது என்றார் தம்பி. ஆனால் பையன் படிப்பது மேல் பரணில். கேபிள் ஏணியின் குறுக்கே போயிற்று. அரை மணிக்குள் அண்ணாச்சியின் தாயார் அதில் கால் தடுக்கி விழப் பார்த்தார். கேபிள் சுருட்டி வைக்கப்பட்டது.

பெட்டிக்குள் வேறு மூளை

அடுத்துத் தம்பி பையிலிருந்து ஒரு பழைய ரூட்டரை வெளியே எடுத்தார். இரண்டு கொம்பு வைத்தது. பார்த்தால் எடைக்குப் போடுகிற சாமான். ஆனால் அதற்குள் இருப்பது கம்பெனி போட்ட மென்பொருள் அல்ல. 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்று ஒன்று.

இதற்கு ஒரு கதை உண்டு. 2002 டிசம்பரில் லிங்சிஸ் என்ற அமெரிக்க கம்பெனி 'டபிள்யூ.ஆர்.டி.54ஜி' என்று ஒரு நீல நிற ரூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடிய மென்பொருள் லினக்ஸ் என்பதைச் சில கில்லாடிகள் கண்டுபிடித்தார்கள். லினக்சை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதை வைத்துப் பொருள் விற்றால், அதன் மூல எழுத்தை வாங்கியவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அதுதான் உரிம நிபந்தனை. லிங்சிசை அதற்குள் சிஸ்கோ வாங்கிவிட்டது. கேள்விகள் குவிந்தன. 2003ல் மூல எழுத்து வெளியே வந்தது.

அவ்வளவுதான்! பெட்டியின் மூளையை அவரவர் திருத்தி எழுதத் தொடங்கினார்கள். 2004ல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. பின்னாலேயே 'டிடி-டபிள்யூ.ஆர்.டி.' வந்தது. இரண்டு பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று எழுத்தும் பழைய நீலப் பெட்டியின் இனிஷியல்தான். இன்று பல கம்பெனிகளின் பல மாடல்களுக்கு இவை கிடைக்கின்றன. காசு கிடையாது.

கம்பெனி மென்பொருள் மறைத்து வைக்கும் பல விஷயங்களை இவை காட்டும். அதில் ஒன்றுதான் ஸ்கேன். அதாவது, சுற்றுவட்டாரத்தில் காற்றில் எத்தனை வைஃபை இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது.

34 பெயர்கள்

தம்பி தன் பெட்டியை அண்ணாச்சியின் பெட்டிக்குப் பக்கத்திலேயே, சாமி படத்துக்குக் கீழே, அலமாரியில் வைத்தார். 'நெட்வொர்க்', 'வயர்லெஸ்', 'ஸ்கேன்' என்று மூன்று இடத்தில் தட்டினார். சில வினாடி. பட்டியல் வந்து விழுந்தது.

34 பெயர்கள்!

பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதற்குள் 34 வீட்டு வைஃபை நுழைந்து நிற்கிறது. சில பெயர்கள் கம்பெனி கொடுத்தபடியே. சிலர் ரூம் நம்பரைப் பெயராக வைத்திருந்தார்கள். ஒருவர் தன் மொபைல் நம்பரையே பெயராக வைத்திருந்தார். (தெருவில் போகிறவனுக்கெல்லாம் நம்பரைக் கொடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.) ஓர் இடத்தில் பெயரே இல்லை. பெயரை மறைத்து வைத்திருக்கிறார்களாம். மறைத்தாலும் பெட்டி இருப்பது மறையாது என்றார் தம்பி.

இது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு வைஃபை பெட்டியும் வினாடிக்குச் சுமார் பத்து முறை "நான் இன்னார், இந்தச் சேனலில் இருக்கிறேன்" என்று காற்றில் கூவிக்கொண்டே இருக்கிறது. தாதர் ஸ்டேஷனில் காய்கறிக்காரர் கூவுவதைப் போல. ஸ்கேன் செய்யும் பெட்டி ஒவ்வொரு சேனலிலும் ஒரு நொடியின் சிறு பங்கு நின்று, கூவலைக் கேட்டு, பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த சேனலுக்குப் போகிறது. யார் வீட்டுக் கதவையும் திறப்பதில்லை. பெயர்ப் பலகையை வாசிப்பதோடு சரி.

பெயருக்கு எதிரே ஒரு எண். எல்லாமே மைனஸ் எண்கள். மைனஸ் 40 என்றால் மிக வலுவான அலை. மைனஸ் 90 என்றால் எங்கோ மூலையில் முனகுகிறது. மூன்று எண் இறங்கினால் வலு பாதியாகும். பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. மேல்வீட்டுப் பெட்டி மைனஸ் 41 காட்டியது. அண்ணாச்சியின் சொந்தப் பெட்டிக்கு நிகராக அவர் வீட்டுக்குள்ளேயே அது கூவிக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா! நான் சொன்னேனே!" என்று துள்ளினார் அண்ணாச்சி.

"பொறுங்கள் அண்ணாச்சி. சத்தம் கேட்பது வேறு, திருடுவது வேறு" என்ற தம்பி, அண்ணாச்சியின் பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கிறது. மூன்றே மூன்று. அண்ணாச்சியின் மொபைல், வீட்டம்மாவின் மொபைல், பையனின் லேப்டாப். ஒவ்வொன்றாக அணைத்துச் சரிபார்த்தார்கள். மூன்றும் பட்டியலிலிருந்து மறைந்தன. நான்காவது ஆள் இல்லை.

திருட்டு நடக்கவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தண்டவாளம் மூன்றுதான்

அப்படியானால் கோளாறு எது? பட்டியலில் சேனல் என்றொரு பத்தி இருந்தது. அண்ணாச்சியின் பெட்டி 6ஆம் சேனலில். அதே 6ல் இன்னும் 13 பெட்டிகள். மேல்வீடும் அதில் ஒன்று. 1ஆம் சேனலில் 9. பதினொன்றில் 5. மீதி ஆறு பேர் 3, 4, 8, 9 என்று சிதறிக் கிடந்தார்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் இந்தப் பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. சொல்லுக்குத்தான் 13. ஒவ்வொரு சேனலும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. ஆனால் ஒரு வைஃபை ஓடுவதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றையொன்று உரசாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான்.

இதை எனக்குப் புரிய வைக்கத் தம்பி பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் என் தொழிலை வைத்து நானே புரிந்துகொண்டேன்.

ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்கும். ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். ஒரு பிளாக் செக்ஷனில் ஒரு வண்டி இருக்கும்போது அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கிடைக்காது அல்லவா, அதேதான். 14 வண்டிகளும் ஒரே லைனில் நின்றால் விபத்து நடக்காது. தாமதம் நடக்கும். அதிலும் இரவு 9 மணிக்கு எல்லா வீட்டிலும் சினிமாவும் சீரியலும் ஓடும் நேரம். பையனின் மாதிரித் தேர்வு அவுட்டர் சிக்னலில் நிற்கும்.

சரி, ஆளில்லாத 4ஆம் சேனலுக்குப் போய்விட்டால்? அது இதைவிட மோசம்! ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒருவர் நுழைவது, இரண்டு தண்டவாளத்துக்கு இடையே மூன்றாவது தண்டவாளம் போட்டு வண்டி விடுவது போல. அந்த வண்டியின் பேச்சு மற்றவர்களுக்குச் சொல்லாகக் கேட்காது, இரைச்சலாகக் கேட்கும். இவனும் உரசுவான், இரண்டு பக்கத்து வண்டிகளும் உரசப்படும். பட்டியலில் காலியாகத் தெரியும் சேனலுக்குத் தாவுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஸ்கேனுக்கும் ஓர் எல்லை உண்டு. கடையின் பெயர்ப் பலகையைக் காட்டும், உள்ளே எத்தனை கிராக்கி என்று சொல்லாது. வலுவாகக் கூவும் பெட்டி சும்மா இருக்கலாம். ஆகவே தம்பி இன்னொரு கணக்கும் எடுத்தார். அவருடைய பெட்டி, ஒவ்வொரு சேனலிலும் எவ்வளவு நேரம் காற்று பேச்சாக இருந்தது என்று சொல்லும். எல்லாப் பெட்டியும் சொல்லாதாம். இவருடையது சொன்னது. ஆறில் முக்கால் பங்கு நேரம் பேச்சு. பதினொன்றில் கால் பங்கு கூட இல்லை.

அண்ணாச்சியின் பெட்டியை 11க்கு மாற்றினார். 'ஆட்டோ' என்று இருந்ததை எடுத்துவிட்டார். அகலத்தை 20லேயே நிறுத்தினார். பையன் பரணில் ஏறி உட்கார்ந்தான். மணி 9.40. திரை ஓடியது.

5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு பட்டை இருக்கிறது. நம் நாட்டில் 2018ல் அதை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். அங்கே சேனல்கள் அதிகம். அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும். பங்களாவில் அது குறை. சாலில் அதுவே வரம். பக்கத்து வீட்டுச் சத்தம் வராது. ஆனால் பையனின் லேப்டாப் செகண்ட் ஹேண்ட். அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும். நம்மவர்கள் வீடுகளில் பல கருவிகள் இப்படித்தான்.

மேல்வீட்டுக்காரர் சொன்னது

தம்பி அதோடு நிறுத்தவில்லை. "மேலே போய்ப் பேசுவோம்" என்றார். அண்ணாச்சிக்கு மனமில்லை. நான் இழுத்துக்கொண்டு போனேன்.

மேல்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே இந்தியில் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உங்கள் அண்ணாச்சி என் லைனைத் திருடுவதாக நினைத்து நான் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்!"

அவர் வீட்டுப் பெட்டியில் அகலம் 40 என்று போட்டிருந்தது. அதாவது ஒருவரே இரண்டு தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு போவது. வேகம் கூடும் என்று யாரோ சொல்லி வைத்துக்கொண்டாராம். 20 ஆக்கிய பிறகு அவருக்கும் நன்றாகவே ஓடியது. டீ வந்தது. அண்ணாச்சி இரண்டு டம்ளர் குடித்தார்.

'ஜாயின்' பொத்தான்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கேன் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, சேருவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அந்த 34ல் ஒன்று பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்தது. "இதில் சேர்ந்துகொண்டால் பணமே கட்ட வேண்டாமே!" என்று பையன் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை.

மும்பைக்காரர்கள் இதை மறந்திருக்கக் கூடாது. 2008 ஜூலை 26ந் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஒரு மிரட்டல் இமெயில் போனது. தடம் பிடித்த போலீசார் வந்து நின்ற இடம் நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் வீடு. அவர் அனுப்பவில்லை. அவர் வீட்டு வைஃபை திறந்து கிடந்தது, வேறு யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு இமெயில். அது வந்த இடம் நம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபை. செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை.

2009 ஜனவரியில் மும்பை போலீசாரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தேடித் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் செய்ததும் இதே ஸ்கேன்தான்.

ஆகவே திறந்து கிடக்கும் வைஃபை பட்டியலில் தெரிந்தால், அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வதே முறை. பட்டியலைப் பார்ப்பது குற்றமல்ல. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது வேறு. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆவது பிரிவு வரும். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயில்வே தேர்வு எழுதப் போகும் பையனுக்கு ஒரு போலீஸ் கேஸ் போதும். தம்பி கீழே போய் அந்தத் திறந்த வீட்டைக் கண்டுபிடித்தார். ஒரு வயதான மராட்டிய அம்மாள். பேரன் வைத்துக் கொடுத்தானாம், பாஸ்வேர்டு போட்டால் தனக்கு மறந்துபோகும் என்று எடுக்கச் சொல்லிவிட்டாராம். இப்போது அது காலண்டரின் பின்பக்கம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

செய்ய நினைக்கும் வாசகர்களுக்கு

ஸ்கேன் மட்டும் போதும் என்றால் ஆண்ட்ராய்டு மொபைலில் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் மொபைல் நம் கையோடு நகர்கிறது. ரூட்டர் நின்ற இடத்தில் நின்று, அதன் காதுக்கு எட்டுவதைச் சொல்கிறது. அதனால்தான் தம்பி பெட்டியை நம்புகிறார்.

பழைய ரூட்டரில் மென்பொருளை மாற்ற விரும்புகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். கம்பெனி வைத்த ஃபைபர் பெட்டியில் கை வைக்கவே கூடாது. அது அவர்கள் சொத்து. சொந்த ரூட்டராக இருந்தால், மாடலும் அதன் பதிப்பு எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும். இரண்டும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே மாடலில் பதிப்பு ஒன்றும் பதிப்பு மூன்றும் உள்ளே வேறு வேறு சரக்காக இருக்கும். சேமிப்பு 8 எம்.பி.யும் நினைவகம் 64 எம்.பி.யும் இல்லாத பெட்டிகளுக்கு இப்போதைய பதிப்புகள் ஓடாது. ஏற்றும்போது கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான். தம்பி கடையில் அப்படி நாலு செங்கல் இருக்கிறது. ஒன்று என்னுடையது.

டிடி-டபிள்யூ.ஆர்.டி. போட்டவர்கள் 'ஸ்டேட்டஸ்', 'வயர்லெஸ்' வழியாகப் போனால் 'சைட் சர்வே' என்ற பெயரில் இதே பட்டியல் இருக்கும். ஸ்கேன் ஓடும்போது இணைந்திருக்கும் மொபைல்கள் சற்று அறுந்து திரும்பலாம். தேர்வு ஓடும் நேரத்தில் தட்டிவிடாதீர்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் ஒன்பது குடித்தனக்காரர்கள் கூடினார்கள். நானும் போயிருந்தேன். தமிழ், இந்தி, மராட்டி மூன்றும் கலந்து ஒரு மணி நேரம் பேச்சு. யார் 1, யார் 6, யார் 11 என்று பிரித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே எண் வராதபடி தம்பி பிரித்துக் கொடுத்தார். மீட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் சாக்கட்டியால் ரூம் நம்பரும் சேனலும் எழுதப்பட்டன. யாரும் பணம் கட்டவில்லை. தம்பி வண்டிச் சத்தம் மட்டும் வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி பழைய பிளானுக்கே திரும்பிவிட்டார்.

நேற்று இரவு போன் செய்தேன். பையன் 90 நிமிடமும் முழுசாக எழுதிவிட்டானாம். 100க்கு 61. கணக்கில்தான் அடி வாங்குகிறான் என்றார்.

"ஆனால் ஒரு விஷயம்" என்றார் அண்ணாச்சி. "ரூம் 14க்குப் புதிதாக ஒரு மலையாளி குடும்பம் வந்திருக்கிறது. சாயங்காலம் புதுப் பெட்டி மாட்டினார்கள். பையன் மொபைலில் பார்த்தான். 9ஆம் சேனலில் நிற்கிறது. இருங்கள், சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வந்து பேசுகிறேன்."